தோட்டத்து ரயிலுக்கு எல்ஜிபி ஸ்டார்டர் செட் வாங்கலாமா?

எல்ஜிபி என்பது தோட்டத்தில் ஓட்டும் ஜெர்மன் மாதிரி ரயில் வரிசை. அதன் தொடக்கச் செட்டை இன்ஜினுக்காக வாங்கலாம். கூடவே வரும் வட்டத் தண்டவாளத்தை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். வீட்டுக் கூடத்தில் தரைமேல் ஓட்டிப் பார்க்க அந்த வட்டம் நன்றாகவே இருக்கும். கொல்லைப்புறத்தில் மண்மேல் நிரந்தரமாகப் போட்டு, வெயிலிலும் மழையிலும் விட்டுவைக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு.

வழக்கமான செட்டில் இருப்பவை: ஒரு சிறிய இன்ஜின், இரண்டு பெட்டிகள், ஆர்1 என்ற வளைவுத் துண்டுகள் 12, வேகக் கட்டுப்பாட்டுடன் ஒரு மின்வழங்கி. துண்டுகளைப் பூட்டினால் வெளிவிட்டம் 1,290 மி.மீ. உள்ள வட்டம் கிடைக்கும். எல்ஜிபி 1968-இல் நியூரம்பர்க்கில் லேமன் நிறுவனம் தொடங்கிய வரிசை. 2006-இல் அந்த நிறுவனம் நொடித்துப்போக, 2007-இல் மார்க்லின் என்ற மாதிரி ரயில் நிறுவனம் எடுத்துக்கொண்டது. உரிமையாளர் மாறியும் இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள 45 மி.மீ. அகலமும் இணைப்பு முறையும் மாறவில்லை. எழுபதுகளில் வாங்கிய தண்டவாளத்தோடு இன்று வாங்குவதை அப்படியே பூட்டலாம். இந்த வரிசையின் பெரிய பலம் இதுதான்.

அளவு விகிதம் 1:22.5. 45 மி.மீ.யை 22.5-ஆல் பெருக்கினால் 1,012 மி.மீ. வரும், அதாவது நம் பழைய மீட்டர் கேஜ். ஆனால் இவர்களின் புகழ்பெற்ற ‘ஸ்டைன்ஸ்’ இன்ஜினின் அசல் ஆஸ்திரியாவில் 760 மி.மீ. பாதையில் ஓடியது. கணக்குப்படி அதற்கு 34 மி.மீ. தண்டவாளம் போதும். கறாரான ஆட்கள் இதைச் சொல்லி முகம் சுளிப்பார்கள். செடிகளுக்கு நடுவே ஓடும்போது யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை.

தண்டவாளம் பித்தளை, உயரம் 8 மி.மீ.க்குச் சற்று மேல். நல்ல அடித்தளத்தில் கிடந்தால் பெரியவர் ஒருவர் மிதித்தாலும் வளையாது. ஸ்லீப்பர்கள் வெயிலைத் தாங்கும்படி செய்த பிளாஸ்டிக். பெக்கோ என்ற மற்றொரு நிறுவனத்தின் 45 மி.மீ. தண்டவாளம் உயரம் குறைந்தது (6.35 மி.மீ.), பார்வைக்கு அசலுக்கு நெருக்கமானது, ஆனால் நாயும் குழந்தைகளும் ஓடும் இடத்துக்கு எல்ஜிபிதான் சரி. பிகோ நிறுவனத்தின் ஜி வரிசைத் தண்டவாளமும் இதே உயரப் பித்தளைதான், நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதைக் கலந்து போடலாம்.

குறை ஆர்1 வளைவில் இருக்கிறது. ஆரம் 600 மி.மீ.தான். இரண்டு அச்சு இன்ஜின் சிரமமில்லாமல் திரும்பிவிடும். இரு முனையிலும் தனியே திரும்பும் சக்கரத் தொகுதி (போகி) உள்ள நீளமான பெட்டிகளை மாட்டினால் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடும், நடுவில் உள்ள லேசான பெட்டி உள்பக்கமாகக் கவிழும். ஆறு பெட்டி இழுக்கும் இன்ஜின் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கினால் இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். தோட்டத்துக்குக் குறைந்தபட்சம் ஆர்3, அதாவது ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆரம். இடம் இருந்தால் 2.3 மீட்டர் ஆரமுள்ள ஆர்5. செட்டில் வந்த ஆர்1 துண்டுகளை ஷெட்டுக்குப் போகும் கிளைப்பாதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்3 துண்டு 22.5 பாகை, முழு வட்டத்துக்கு 16 வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து நடுவே பக்கத்துக்கு 3.6 மீட்டர் நேர்ப்பாதை போட்டால் சுமார் 6.1 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் நீள்வட்டம் அமையும். பாதை நீளம் 14.7 மீட்டர். நேர்ப்பாதைக்கு 300 மி.மீ. துண்டுகள் வாங்கினால் 24 வேண்டும். வளைவோடு சேர்த்து 40 மூட்டுகள், இரு பக்கமும் எண்ணினால் 80 இணைப்புகள். 1,200 மி.மீ. துண்டுகள் வாங்கினால் ஆறே போதும், இணைப்புகள் 44 ஆகக் குறையும். வெளியில் கிடக்கும் பாதையில் பித்தளை கெடுவதில்லை, மூட்டுதான் கெடுகிறது. ஆகவே காசை நீளத் துண்டில் போடுங்கள்.

அடித்தளம் பற்றிக் கையேடு போதுமான அளவு சொல்வதில்லை. 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் களைத் தடுப்புத் துணி விரித்து, ஜல்லி நிரப்பித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். மேலே சொன்ன பாதைக்கு 0.3 கன மீட்டர், நம் கணக்கில் பத்து முதல் பதினோரு கன அடி, எடை 450 கிலோ அளவில் வரும். அடியில் பெரிய சிப்ஸ் ஜல்லி. மேல் மூன்று செ.மீ.க்கு 3 முதல் 6 மி.மீ. வரையுள்ள உடைகல், கிரஷர் தூளோடு கலந்து. ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, பாதைக்கு ஆகாது. உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, ரயில் அதிர அதிர விலகிவிடும். முனையுள்ள உடைகல் கோத்துக்கொண்டு நிற்கும். தனி எம்-சாண்ட் போட்டால் முதல் அடைமழையிலேயே அரித்துப் போகும்.

களிமண் நிலமென்றால் ஆழத்தை 15 செ.மீ. ஆக்கி, தண்ணீர் வெளியேற ஒரு பக்கம் சரிவு கொடுங்கள். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அங்கே வருடத்துக்கு ஒருமுறை மட்டம் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. கோரைப் புல் துணியையும் துளைத்துக்கொண்டு வரும். அதைத் துணி போடுவதற்கு முன்பே கிழங்கோடு தோண்டி எடுத்தாக வேண்டும். பெருச்சாளி வளை இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் பாதை தொட்டிலாகத் தொங்கும்.

மட்டத்தில் நீளவாக்கைவிடக் குறுக்குவாக்குதான் முக்கியம். இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே சிறிய ரசமட்டம் வைத்து ஒவ்வொரு மூட்டிலும் பாருங்கள். ஒரு பக்கம் உயர்ந்து அடுத்த துண்டிலேயே மறுபக்கம் உயர்ந்தால் அந்த முறுக்கில்தான் பெட்டி தடம் புரளும். ஏற்றம் மீட்டருக்கு 2 செ.மீ. வரை சுகம், 3 செ.மீ. தாண்டினால் இழுக்கும் பெட்டிகளில் ஏறத்தாழ பாதியைக் கழற்ற வேண்டியிருக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தைச் சட்டென்று மடிக்காமல் ஒரு மீட்டருக்குப் பரப்பிக் கொடுங்கள். மடிப்பு இருந்தால் இணைப்புக் கொக்கி மேலெழும்பிக் கழன்றுகொள்ளும். பெட்டிகளுக்கு ஒரு முனையில் மட்டுமே கொக்கி வரும். மறுமுனைக்கும் ஒன்று வாங்கி மாட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாதையைச் சிமெண்டில் பதிக்கவோ ஸ்குரூ போட்டு இறுக்கவோ கூடாது. பித்தளை ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.019 மி.மீ. நீளும். பத்து மீட்டர் பாதை 40 டிகிரி சூடேறினால் 7.6 மி.மீ. கூடும். ஜல்லியில் மிதக்கும் பாதை வளைவுகளில் லேசாக விரிந்து அதை உள்வாங்கிக்கொள்ளும். இறுக்கிய பாதைக்குப் போக வழியில்லை, நேர்ப்பாதையின் நடுவில் பாம்பாக நெளியும். விடியற்காலையில் பூட்டினால் மூட்டுக்கு ஒரு மி.மீ. விடுங்கள். உச்சி வெயிலில் பூட்டினால் ஒட்டியே வைக்கலாம்.

இனி மின்சாரம். துண்டோடு வரும் இணைப்புத் தகடு வெறும் அழுத்தத்தால்தான் மின்சாரம் கடத்துகிறது. கழற்றிக் கழற்றி மாட்டினால் தளரும், உள்ளே ஈரமும் தூசியும் புகும், அந்த மூட்டைத் தாண்டியதும் ரயில் தளர்ந்து ஊரும். பூட்டும் முன் தகட்டுக்குள் கிராஃபைட் பசை கொஞ்சம் தடவுவது மலிவான வழி, ஒன்றிரண்டு பருவத்துக்குத் தாங்கும். நிரந்தர வழி, இரு தண்டவாள முனைகளையும் சேர்த்து இறுக்கும் ஸ்குரூ கிளாம்ப். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு வேண்டும் என்பதால் செலவு கூடும். முதலில் 1,200 மி.மீ. துண்டுகள் வாங்கியவர்களுக்கு அந்தச் செலவு பாதிதான். நீள்வட்டத்துக்கு எதிரெதிரே இரண்டு இடங்களில் மின்சாரம் கொடுங்கள். வீட்டிலிருந்து பத்து மீட்டர் தூரம் என்றால் 2.5 ஸ்கொயர் மி.மீ. செம்புக் கம்பி போடுங்கள். 3 ஆம்பியர் இழுக்கும்போது அதில் அரை வோல்ட்டுக்குள்தான் குறையும், 0.75 கம்பியில் ஒன்றரை வோல்ட் போய்விடும். அணில் கடிக்காமல் இருக்கக் கம்பியைப் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

செட்டோடு வரும் மின்வழங்கி அந்தக் குட்டி இன்ஜினுக்கும் இரண்டு பெட்டிக்கும்தான். விளக்கு, புகை, இரண்டாவது இன்ஜின் என்று சேர்த்தால் திணறும். குறைந்தது 3 ஆம்பியர், முடிந்தால் 5 ஆம்பியர் வழங்கி தனியாக வாங்க வேண்டியிருக்கும். எதுவானாலும் அது வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே வருவது குறைந்த வோல்ட் நேர்மின்சாரம் மட்டும். மழைக்காலத்தில் 230 வோல்ட் பிளக்கைத் தோட்டத்துக்கு இழுப்பது உயிரோடு விளையாடுவது.

துடைப்பதற்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையை ஒரு நீளக் கம்பில் கட்டிக்கொண்டால் குனியாமலே வேலை முடியும். ஸ்டீல் வுல் வேண்டவே வேண்டாம், அதன் துகளை மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும். முரட்டு உப்புத்தாள் போடும் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். நத்தை ஊர்ந்த பசை, விழுந்த பழச்சாறு இரண்டும் உலர்ந்தால் இன்ஜின் அங்கேயே நிற்கும். பல செட்டுகளில் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சக்கரம் வரும். அது பாதையில் கருப்புப் படிவை விட்டுச் செல்லும். உலோகச் சக்கரம் மாற்றினால் படிவும் குறையும், பெட்டியின் எடை கீழே இறங்கித் தடம் புரள்வதும் குறையும்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வைக்கும் பாயிண்டை வாங்கும்போது ஆர்1 பாயிண்டைத் தவிருங்கள். மின் இயக்கி உள்ள பாயிண்டுக்கு ஒரு கணம் மட்டுமே மின்சாரம் கொடுக்க வேண்டும், தொடர்ந்து கொடுத்தால் சுருள் கருகும். அந்த இயக்கிக்குள் எறும்பு கூடு கட்டுவதும் வழக்கம். கைக்கு எட்டும் இடத்தில் கையாலேயே திருப்பும் பாயிண்ட் போதும்.

இந்த மின்சாரத் தலைவலி வேண்டாம் என்பவர்கள் இன்ஜினுக்குள் லித்தியம் பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் வைத்து, பாதையை மின்சாரம் இல்லாத வெறும் தண்டவாளமாகப் பாவிக்கிறார்கள். ஸ்டைன்ஸ் போன்ற குட்டி இன்ஜினில் இடம் போதாது, பின்னால் உள்ள பெட்டியில் பேட்டரி வைத்துக் கம்பி இழுக்க வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் கட்டாயம். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் உள்கம்பிகளைத் துண்டிக்கவும் மறக்காதீர்கள். மின்சாரம் உள்ள பாதையில் தவறி வைத்தால் ரிசீவர் போய்விடும்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்கு விலையைவிடச் சுங்க வரியும் பித்தளையின் எடைக்கான கட்டணமும்தான் கடிக்கும். அதனால் பலர் ஜெர்மனியில் பழையது வாங்கி உறவினர் கையில் கொடுத்தனுப்பச் சொல்கிறார்கள். பழைய தண்டவாளம் கறுத்திருந்தால் பரவாயில்லை, இணைப்புத் தகடுகள் இருக்கின்றனவா, ஸ்லீப்பர் ஆணிப்பிடிகள் உடைந்திருக்கின்றனவா என்று மட்டும் படம் கேளுங்கள். பழைய இன்ஜினில் பார்க்க வேண்டியவை மூன்று: சக்கர ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, சக்கரங்களுக்கு நடுவே தண்டவாளத்தை உரசும் மின்செருப்புகள் தேய்ந்து ஓட்டையாகியிருக்கின்றனவா, கையால் லேசாகத் தள்ளும்போது பல்சக்கரம் தட்டும் சத்தம் வருகிறதா. முதல் இரண்டுக்கும் உதிரிப்பாகம் சுலபமாகக் கிடைக்கும். மூன்றாவது இருந்தால் விலை பேசாமல் விட்டுவிடுங்கள்.