ஏறிப் பார்ப்பதா, எட்ட நின்று பார்ப்பதா?

பழைய பாய்மரக் கப்பலைப் பார்க்கப் போகிற யாருக்கும் முதலில் வருகிற ஆசை, மேல்தளத்தில் ஏறி சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதுதான். சுவீடனின் ஸ்டாக்ஹோமில், அருங்காட்சியகத்தில் இருக்கும் வாசா என்ற பழைய போர்க்கப்பல் அந்த ஆசைக்கு இடமே கொடுக்காது. கப்பலுக்குள் விடமாட்டார்கள், சுற்றியுள்ள மாடங்களில் நின்று பார்க்க வேண்டியதுதான். லண்டன் கிரீனிச்சில் உள்ள கட்டி சார்க் என்ற பழைய சரக்குக் கப்பலில் சரக்கறை முதல் மேல்தளம் வரை தாராளமாக நடக்கலாம். அப்படியானால் கட்டி சார்க்தானே மேல்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வாசா 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி, சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் கவிழ்ந்துவிட்டது. மேலே கனம் அதிகம், அடியில் பாரம் போதவில்லை. காற்று ஒரு தள்ளு தள்ளியதும் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது. 333 ஆண்டுகள் கழித்து, 1961இல்தான் மேலே தூக்கினார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே பிழைக்காது. அதனால் இன்று நாம் பார்ப்பதில் ஏறத்தாழ 98 சதவீதம் அன்றைய கப்பலேதான். மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலைத் தெளித்திருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மரத்தை நம் செருப்புக்கா கொடுப்பார்கள்?

எட்ட நிற்பதில் ஒரு லாபமும் உண்டு. பீரங்கித் துளை மூடிகளின் உட்புறத்தில் சிங்க முகம் செதுக்கியிருக்கிறார்கள். மூடியைத் தூக்கினால்தான் அது வெளியே தெரியும், அதாவது சுடப்போகும் நேரத்தில் எதிரியின் கண்ணில் படும். தளத்தில் ஏறி நின்றால் நமக்கு அது தெரியாது. அப்புறம், கப்பலுக்குள் கிடைத்த தச்சர்களின் அளவுகோல்களைத் தவறவிடாதீர்கள். சிலவற்றில் அடிக்கு 12 அங்குலம், சிலவற்றில் 11. கப்பலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கட்டி சார்க்கின் கதை வேறு மாதிரியான சோகம். தேயிலை ஏற்றி வேகமாக ஓடுவதற்கென்றே கட்டப்பட்டு, 1869 நவம்பர் 22 அன்று நீரில் இறங்கியது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் போய்வர, இது எட்டே முறை தேயிலை சுமந்தது. பிறகு ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றித்தான் பேர் வாங்கியது.

மேல்தளம் எனக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. சுக்கான் படம் எடுத்தாயிற்று, சரி. ஆனால் கப்பலை மூன்று மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் போய் அண்ணாந்து பார்த்தால், பொன்னிறத் தகடு போர்த்திய வயிறு தலைக்குமேல் கத்திபோல் ஒடுங்கிக்கொண்டே போகிறது. இது ஏன் வேகமாக ஓடியது என்று யாரும் விளக்கவே வேண்டாம். அங்கேயே ஒரு காபிக் கடை வைத்திருப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது கப்பலின் இடுப்பைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் கூரையும் அழகைக் கெடுக்கிறது.

உள்ளே போனால்தான் புரியும் என்று சொல்லத்தக்க கப்பல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கும் விக்டரி என்ற போர்க்கப்பல். தலை இடிக்கும் தாழ்வான தளங்களில் குனிந்தபடி பீரங்கிகளுக்கு நடுவே நடந்தால்தான் 1805இல் பிரெஞ்சு, ஸ்பானிய கப்பல்களோடு நடந்த டிரஃபால்கர் கடற்சண்டையின் நெருக்கடி உறைக்கும். அந்தச் சண்டையில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் குண்டடிபட்டு விழுந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். ஆனால் பல ஆண்டு நீளும் பழுதுபார்ப்பு நடக்கிறது. பாய்மரங்களைக் கழற்றிவிட்டு சாரம் கட்டியிருக்கிறார்கள். கம்பீரமான படம் வேண்டுமென்றால் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.

குழந்தைகளோடு போனால் கட்டி சார்க். ஓடியாட இடமும் தொட்டுப் பார்க்கப் பொருளும் உண்டு. தனியாகப் போக ஒரே ஒரு கப்பல்தான் வாய்க்கும் என்றால் வாசா. மரத்துக்காக உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து, குளிர்ச்சியாகவே வைத்திருக்கிறார்கள், கோடையில் போனாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.