லிஸ்டீரியாவை எங்கே மடக்குவது: அழுத்தமா, சேர்மானமா, வைரஸா, துடைப்பமா?

ஹாம் என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி வேகும்போதே லிஸ்டீரியா என்ற பாக்டீரியா செத்துவிடும். அடுப்பின் சூட்டைத் தாங்குகிற கிருமி அல்ல அது. தொல்லை வெந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆறவைத்து, உறையை உரித்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, பாக்கெட்டில் அடைப்பதற்குள் ஆலையின் ஏதோ ஓர் ஈர மூலையிலிருந்து கிருமி ஏறிக்கொள்கிறது. வாங்குகிறவர் அதை மறுபடி சூடாக்கப் போவதில்லை. குளிர்ப்பெட்டியும் காவல் இல்லை. மற்ற கிருமிகள் ஒடுங்கிக் கிடக்கும் 4 டிகிரி செல்சியஸிலும் இது நிதானமாகப் பெருகும். நோய் தலைகாட்ட எழுபது நாள்வரைகூட ஆகலாம். முதியவர்களுக்கு உயிராபத்து, கர்ப்பிணிகளுக்குக் கருவையே இழக்கும் ஆபத்து.

அமெரிக்க வேளாண் துறை 2003இல் கொண்டுவந்த விதி, இறைச்சி ஆலைகளின் முன் மூன்று வழிகளை வைத்தது. வெந்த பின் ஏறிய கிருமியைக் கொல்லும் முறை, அதை வளரவிடாத சேர்மானம் ஆகிய இரண்டையும் கைக்கொள்வது முதல் வழி. இரண்டில் ஒன்றை மட்டும் கொள்வது இரண்டாவது. இரண்டும் இல்லாமல் ஆலையின் சுத்தத்தையே நம்புவது மூன்றாவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் சோதனைகள் அதிகம்.

இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எது எத்தனை மடங்கு கிருமியைக் கொல்கிறது என்று பார்ப்பார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன்: ஒரு முறை தோற்கும்போது, தோற்றது நமக்குத் தெரிகிறதா?

அந்த அளவுகோலில் உயர் அழுத்த முறைக்கே முதலிடம். மூடிய பாக்கெட்டுகளை எஃகு உருளைக்குள் அடுக்கி, குளிர்ந்த நீரை நிரப்பி, 600 மெகாபாஸ்கல் வரை அழுத்தி, சில நிமிடம் வைத்திருக்கிறார்கள். கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியில் இருப்பதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தம் என்பதால் ஹாம் நசுங்குவதில்லை, கிருமியின் உயிரணுச் சவ்வு மட்டும் குலைகிறது. வில்லைக்கும் வில்லைக்கும் நடுவில் ஒளிந்திருப்பதையும் அது விடுவதில்லை. அழுத்தம் எட்டவில்லை என்றால் பதிவுக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தொகுதி வெளியே போகாது. குறைகளும் உண்டு. வித்து நிலையில், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் நிலையில், உள்ள கிருமிகளை இது அசைப்பதில்லை. நன்றாக உலர்த்திய இறைச்சியில் ஈரம் குறைவு என்பதால் பலனும் குறைகிறது. இயந்திரத்தின் விலையோ பல கோடி ரூபாய். சிறு ஆலைகள் வாடகைக்கு அழுத்தித் தரும் நிலையங்களைத்தான் தேட வேண்டும்.

மூடிய பாக்கெட்டைக் கொதிநிலையை நெருங்கிய நீரில் சில நிமிடம் அமிழ்த்துவது பழைய முறை. முழு உருளையாக விற்கும் இறைச்சிக்குச் சரி. சீவியதற்கு உதவாது, வெளிப்பக்கம் சுடும், வில்லைகளின் இடுக்கு சுடாது.

லாக்டேட், டைஅசிடேட் என்ற உப்புகளைச் சேர்ப்பது நம் கட்டுச்சோற்றுத் தர்க்கம். புளியோதரை வழியில் கெடாமல் வருவது புளியும் உப்பும் எண்ணெயும் கிருமியைக் கொல்வதால் அல்ல. அது பெருக இடம் கொடுக்காததால். இங்கும் அதேதான். அமெரிக்காவில் லாக்டேட் 4.8 சதவீதம் வரையும் டைஅசிடேட் 0.25 சதவீதம் வரையும் சேர்க்கலாம். ஏற்கெனவே உள்ள உப்புநீர்க் கலவையில் ஊற்றினால் போதும், புது இயந்திரம் வேண்டாம். ஏறிய கிருமி பத்தோ இருபதோ என்றால் பாக்கெட்டின் ஆயுள் முழுக்க அது அந்த அளவிலேயே முடங்கிக் கிடக்கும். பத்தாயிரம் ஏறிவிட்டால் பத்தாயிரமும் அப்படியே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும். இது சத்தமில்லாமல் தோற்கிற முறை. சுவைக்காக யாரோ உப்பைக் குறைத்து நீரைக் கூட்டினாலோ, வீட்டுக் குளிர்ப்பெட்டி 8 டிகிரியில் ஓடினாலோ, கணக்கு மாறியது யாருக்கும் தெரியாது. ரசாயனப் பெயரைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்காக இப்போது வினிகரைப் பக்குவப்படுத்திச் சேர்க்கிறார்கள். வேலை செய்வது அதே அசிடேட்தான், லேபிளில் மட்டும் சமையலறை வாசம்.

வைரஸ் தெளிப்பு கேட்கச் சுவாரசியமானது. லிஸ்டீரியாவை மட்டும் தாக்கும் ஆறு பாக்டீரியாஃபேஜ்களின் (பாக்டீரியாவை வேட்டையாடும் வைரஸ்கள், சுருக்கமாக ஃபேஜ்) கலவைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதி தந்தது. நிறமும் சுவையும் மாறுவதில்லை. ஆனால் ஃபேஜுக்கு நீந்தத் தெரியாது. தெளித்த துளி விழுந்த இடத்தில் கிருமி இருந்தால்தான் வேட்டை. தப்பியவை பிறகு பெருகுவதையும் அது பெரும்பாலும் தடுப்பதில்லை. உதவிப்படையாக இருக்கட்டும், தளபதியாக்க வேண்டாம்.

மிச்சம் துடைப்பம். காகிதத்தில் மலிவு, நடைமுறையில் மிகக் கடினம். கனடாவின் மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் டொரன்டோ ஆலையில் 2008இல் நடந்ததை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை: 57 பேருக்கு நோய், அவர்களில் 22 பேர் இறந்தார்கள். சீவும் இயந்திரங்களை உற்பத்தியாளர் சொன்ன முறையில்தான் கழுவிவந்தார்கள். கிருமியோ அந்தக் கழுவல் எட்டாத உள் இடுக்குகளில் குடியிருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் போர்ஸ் ஹெட் நிறுவனத்தின் ஜாரட் ஆலை தொடர்பாக 2024இல் பத்துப் பேர் இறந்தபோது வெளிவந்த ஆய்வாளர் குறிப்புகளில் சொட்டும் நீர்த்திவலை, பூஞ்சை, பூச்சி என்று கூச்சப்பட வைக்கும் விவரங்கள். முதலாவது, ஒழுங்காகக் கழுவியும் தோற்றது. இரண்டாவதில் ஒழுங்கே இல்லை. சுத்தத்தை மட்டும் நம்பும் ஆலையின் வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சுத்தத்திலும் ஆர்வக்கோளாறு உண்டு. வடிகாலை உயர் அழுத்தக் குழாயால் பீய்ச்சினால் அங்கிருக்கும் லிஸ்டீரியா நுண்திவலையாகக் கிளம்பி, கழுவிவைத்த மேசைமேல் வந்து இறங்கும்.

ஆகவே, சீவிய இறைச்சியைப் பெருமளவில் விற்கும் ஆலைக்கு அழுத்த முறையும் கூடவே லாக்டேட்டும் என்பேன். நடுத்தர ஆலை லாக்டேட்டோடு தொடங்கி, மிச்சப் பணத்தைச் சீவும் இயந்திரத்தைக் கழற்றிக் கழுவும் ஆட்களுக்கும் ஆலையின் பரப்புகளைத் துடைத்துக் கிருமி தேடும் பஞ்சுக்குச்சிச் சோதனைக்கும் செலவிடட்டும். மூன்றாவது வழி எந்த அளவு ஆலைக்கும் சரிப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மற்ற இரண்டு வழிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

சோதனை என்றதும் ஒன்று. டொரன்டோ ஆலையின் சூழல் சோதனைகளில் லிஸ்டீரியா அதற்கு முன்பே பலமுறை தென்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கழுவினார்கள், கிருமி மறைந்ததாகத் தெரிந்தது, கோப்பை மூடினார்கள். அந்தத் தேதிகளை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தவர் இல்லை.