பழக் கிரீம் கேக்: ஜெலட்டினா, கடற்பாசியா?

குளிர்பெட்டியில் உறைய வைக்கும் பழக் கிரீம் கேக்கை இறுக வைக்க ஜெலட்டினோ, சைனா கிராஸ் (அகர் அகர்) எனப்படும் கடற்பாசியோ சேர்ப்பார்கள்; ஜெலட்டின் தரும் மென்மையைக் கடற்பாசி தருவதில்லை. உடல் வெப்பத்திலேயே ஜெலட்டின் உருகுவதால், வாயில் வைத்ததும் கிரீம் கரைகிறது. ஆனால் அது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவதால் சைவ வீடுகளுக்கு ஆகாது. மேலும், வேகவைக்காத அன்னாசியிலுள்ள புரோமலைன் என்னும் நொதி ஜெலட்டினின் புரதத்தைச் சிதைத்துவிடும். ஒருமுறை அதை அறியாமல் நான் செய்த கேக், இரவு முழுவதும் குளிரில் இருந்தும், காலையில் அச்சின் வளையத்தைக் கழற்றியதும் மஞ்சள் குழம்பாக வழிந்தோடியது. (அன்னாசியைக் கொதிக்க வைத்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.)

கடற்பாசியை அந்த நொதி பாதிக்காது; சித்திரை வெயிலிலும் அது உருகாது. எனினும் அதை நன்றாகக் கொதிக்கவிட்டுக் கரைத்து, சூடு ஆறி இறுகுவதற்குள் வெதுவெதுப்பான பழக்கூழில் கலந்துவிட வேண்டும். குளிர்ந்த கிரீமில் நேரே ஊற்றினால் திப்பி திப்பியாகிவிடும். மாம்பழத்துக்கு ஜெலட்டினையும் அன்னாசிக்குக் கடற்பாசியையுமே நான் எடுப்பேன்.