நீர் நீக்கி நூறாக்குவதா, அளந்தபடியே வைப்பதா?

எரிமலைப் பாறையின் பகுப்பாய்வில் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கழித்து, எஞ்சிய ஆக்சைடுகளை 100 சதவீதத்துக்கு மறுகணக்கிடுவது ஒரு வழி. அளந்த எண்களை எரிப்பிழப்போடு (பாறைத்தூளைச் சூடாக்கும்போது குறையும் எடை) அப்படியே வைத்துக்கொண்டு தனிம விகிதங்களை நம்புவது மற்றொரு வழி.

சிலிக்கா 50.5 சதவீதம், எரிப்பிழப்பு 4 சதவீதம், கூட்டுத்தொகை 100 எனக் கொண்ட பாறை, அளந்தபடி பசால்ட். மறுகணக்கிட்டால் சிலிக்கா 52.6 ஆகி, 52 என்ற எல்லையைத் தாண்டிப் பசால்டிய ஆண்டெசைட் என்ற, சிலிக்கா சற்று மிகுந்த வகையின் பக்கம் சாய்கிறது. எரிமலைப் பாறைகளை வகைப்படுத்தும் காரம்–சிலிக்கா வரைபடத்தில் நீர் நீக்கிய எண்களையே குறிக்க வேண்டும் என்பதால், பெயரிடுவதற்கு முதல் வழியே முறையானது.

ஆனால் தக்காணப் பசால்ட்டின் குமிழ்த்துளைகளில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) பின்னர் படிந்திருந்தால், கணக்கு வெளியேற்றுவது கார்பன் டை ஆக்சைடை மட்டுமே; கால்சைட்டின் எடையில் 56 சதவீதமான கால்சியம் ஆக்சைடு, எரிமலைக்குழம்போடு வந்ததுபோல் உள்ளேயே தங்கிவிடும். அத்தகைய மாற்றமடைந்த பாறைக்கு சிர்கோனியம்–டைட்டானியம், நியோபியம்–இட்ரியம் போன்ற எளிதில் நகராத தனிமங்களின் விகிதங்களையே நான் நம்புவேன். டைட்டானியத்தை மட்டும் மறுகணக்கிட்டு சிர்கோனியத்தை விட்டுவிடுவது அந்த விகிதத்தையே கெடுக்கும். ஒரே பெருக்குக் காரணி இரண்டுக்கும் வேண்டும்.

எரிப்பிழப்பும் நீரின் நேரடி அளவன்று: சூடாக்குகையில் இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து எடை கூடுவதால், புத்தம்புதிய பசால்ட்டில் அது எதிர்மறை எண்ணாகவும் வரக்கூடும்.