பக்க வடிவமைப்புக்கு அட்டவணையா, சிஎஸ்எஸ்ஸா?

பத்தமடைப் பாய்க் கடைகளுக்கு வலைப்பக்கம் அமைக்கும் நெல்லை இளைஞர்கள் சிலர், பக்கத்தை அட்டவணைக் கட்டங்களால் அடுக்குவதா, நிறம், இடம் போன்ற தோற்றத்தைக் குறிக்கும் சிஎஸ்எஸ் என்ற மொழியால் அமைப்பதா என்று இன்னமும் தயங்குகிறார்கள்.

தொடக்கம்: அட்டவணையில் கட்டம் போட்டவுடன் பக்கம் உருவாகிவிடும், சிஎஸ்எஸ்ஸுக்குப் பழக்கம் வேண்டும்.

பராமரிப்பு: தலைப்புப் பட்டையின் நிறத்தை மாற்ற, கட்டங்களுக்குள்ளேயே நிறத்தைக் குறித்திருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து திருத்த வேண்டும், சிஎஸ்எஸ் கோப்பில் ஒரு வரி போதும்.

கைப்பேசி: மூன்று பத்தி (நெடுவரிசை) அட்டவணை சிறு திரையில் நெருக்குண்டு, படிப்பவரைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வைக்கும், 2017 முதல் முக்கிய உலாவிகளில் இடம்பெற்றுள்ள கிரிட் என்ற சிஎஸ்எஸ் கட்ட அமைப்பு முறையில், திரையகலத்துக்கு ஒரு நிபந்தனை எழுதினால், அப்பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துவிடும். இதற்குப் பிறகும் தயங்குவது வீண் என்பேன்.

ஆகவே பக்கத்தின் அமைப்புக்கு சிஎஸ்எஸ். பாயின் அளவு, விலை போன்ற உண்மையான பட்டியலுக்கு அட்டவணை. மைக்ரோசாஃப்ட் வேர்டின் உள்நிரலைக் கொண்டு மடலைக் காட்டுவதால் சிஎஸ்எஸ்ஸை முழுதாக ஏற்காத, விண்டோஸின் பழைய அவுட்லுக் மின்னஞ்சல் செயலிக்கு அனுப்பும் விளம்பர மடலுக்கும் அட்டவணையே கைகொடுக்கும்.