மால்டோவா: இணைந்த பிறகு சேர்வதா, இருப்பதை வைத்துச் சேர்வதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர, ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவிலுள்ள சிறு நாடான மால்டோவா 2022 மார்ச்சில் விண்ணப்பித்தது. சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீஸ்டர் ஆற்றையொட்டிய டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில் 1992 பிரிவினைப் போருக்குப் பிறகு தலைநகர் கிஷினாவின் பேச்சு எடுபடுவதில்லை. தனிப் போலீஸ், தனி ரூபிள், வட்டமும் சதுரமுமாக பிளாஸ்டிக் நாணயங்கள், போதாததற்கு ரஷ்யப் படை.

முதல் வழி, பிரிந்த பகுதியை இணைத்துக்கொண்டு மொத்தமாகச் சேர்வது. கேட்க நியாயம்தான். ஆனால் குடுமி மாஸ்கோவின் கையில் போய்விடும். படை நகராதவரை காத்திருக்க வேண்டியதுதான். வாக்குக் கணக்கும் உதைக்கிறது. ஒன்றியத்தில் சேர்வது பற்றிய 2024 அக்டோபர் பொதுவாக்கெடுப்பில் 'ஆம்' என்றவர்கள் 50.35 சதவீதமே, அதுவும் வெளிநாடுவாழ் மால்டோவியர் புண்ணியத்தில். பிரிந்த பகுதியின் வாக்குகளும் முழுதாகச் சேர்ந்தால் அது கவிழலாம்.

இரண்டாவது, சைப்ரஸ் வழி. 2004இல் அது பிரிந்த நிலையிலேயே சேர்ந்தது. துருக்கியின் பிடியிலுள்ள வடபகுதியில் ஒன்றியச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. வேகமான வழி. ஆனால் அங்கே பிரிவினைக் கோடு இன்றும் அழியவில்லை.

எனக்கு இரண்டாவதே சரி என்று படுகிறது. முன்பு கிஷினாவுக்குப் பெருமளவு மின்சாரம் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் குச்சுர்கான் நிலையத்திலிருந்துதான் வந்தது. 2025 ஜனவரியில் அந்த நிலையத்துக்கு வந்த ரஷ்ய எரிவாயு நின்றதும் கிஷினாவ் ருமேனியாவிடம் மின்சாரம் வாங்கிச் சமாளித்தது. டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் தலைநகரான திராஸ்போலின் அடுக்ககங்களோ வெப்பமின்றி விறைத்தன. பிடி தளர்ந்தது யாருக்கு என்று தெரிகிறதே!

ஆனால் ககாவுசியா எந்த வழியிலும் தீராது. கிஷினாவின் ஆட்சிக்கு உட்பட்ட அந்தத் தன்னாட்சிப் பகுதியிலேயே அதே வாக்கெடுப்பில் சுமார் 95 சதவீதம் 'வேண்டாம்' என்றார்கள்.