ஷன்ட்டா, எண்டோஸ்கோப் துளையா?

மூளையில் தேங்கும் நீரை வடிக்க இரண்டு வழிகள். ஒன்று ஷன்ட்: மூளையிலிருந்து தோலுக்கடியில் இறங்கி வயிற்றுக்குள் போகும் மெல்லிய குழாய், நடுவில் ஒரு வால்வு. இன்னொன்று, எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) மூலம், மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளில் மூன்றாவதன் அடியில் சின்னத் துளை போட்டு நீருக்கு மாற்றுவழி திறப்பது.

துளை போட்டால் உடலுக்குள் எந்தக் கருவியும் தங்காது. அது பெரிய நிம்மதி. ஆனால் பாதை அடைபட்டு நீர் தேங்கியவர்களுக்குத்தான் அது நன்றாகக் கைகொடுக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பலன் குறைவு.

ஷன்ட், நீர்த்தேக்கத்தின் பெரும்பாலான வகைகளுக்கும் பொருந்தும். காதுக்குப் பின்னால் விரல் வைத்தால் பலருக்கு வால்வு சின்ன மேடாகத் தட்டுப்படும். அதை அமுக்கிப் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது. ஆளைத்தான் கவனிக்க வேண்டும். காலையில் கூடும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் மறுபடி சொக்கிப்போகும் தூக்கம் என்றால் அடைப்பாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைக்கும், கண்கள் கீழ்நோக்கியே நிற்கும். நிமிர்ந்தால் வலித்து, படுத்தால் குறைகிறதா? நீர் அதிகமாக வடிகிறதோ என்று பார்க்க வேண்டும். காய்ச்சலோடு குழாய்த் தடம் சிவந்தால் தொற்றைச் சந்தேகியுங்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில்தான் அது அதிகம்.

சரி, துளை போட்டவர்களுக்குக் கவலையே இல்லையா? அப்படியில்லை. வருடங்கள் கழித்தும் துளை மூடிக்கொள்ளலாம், அதுவும் திடீரென்று. "குழாய்தான் இல்லையே" என்று அசட்டையாக இருந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அதே தலைவலி, அதே சொக்கல் வந்தால் இவர்களும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.